வேலூர் வெயிலில் ஒரு கடல் தொட்டி: கடல்குதிரை ஆசையில் தொடங்குபவர்களுக்கு

கடல்குதிரை வளர்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நானும் இந்த வேலையில் இறங்கினேன். காட்பாடியில் தரைத்தள வீடு. ஹாலில் ஒரு சுவர் சும்மா கிடந்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று கண்ணாடித் தொட்டிக்கு அளவு சொல்லி, முன்பணமும் கொடுத்த பிறகுதான் சட்டம் தெரிய வந்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடல்குதிரைகள் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற பட்டியல் அது. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். உயிரோடு இருந்தாலும் சரி, காய்ந்து கருவாடாகக் கிடந்தாலும் சரி. அதே குடும்பத்தில் வரும் பைப் ஃபிஷ்ஷுக்கும் இதே கதிதான். பவளப் பாறைகளும் அதே ஆண்டில்தான் பட்டியலுக்குள் வந்தன. அதனால் "லைவ் ராக் இருக்கு சார், கடல்ல இருந்து நேரா வந்தது" என்று கடலில் உடைத்த பாறைத் துண்டை யாராவது கண்ணைச் சிமிட்டி நீட்டினால், பதில் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போங்கள். ஒரு கடையில் எனக்குக் கடல்குதிரையே காட்டினார்கள், பின்பக்க அறையில், பிளாஸ்டிக் டப்பாவில். வால் சுற்றிப் பிடிக்க ஒரு குச்சிகூட இல்லாமல், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் கடற்புல் படுகைகளில் வாழ வேண்டியவை அவை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் கடல்குதிரை புதியவர்களுக்கான உயிர் இல்லை. அதற்கு வயிறு கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது குடலில் வேகமாக ஓடிவிடும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை மைசிஸ் என்ற பொடி இறாலைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்கத் தண்ணீர் கெடும். நீந்துவதில் மகா சோம்பேறி. முதுகில் உள்ள சின்னத் துடுப்பை விசிறிக்கொண்டு அது வந்து சேர்வதற்குள் மற்ற மீன்கள் இரையை முடித்துவிடும். நிமிர்ந்தே வாழ்வதால் தொட்டி உயரமாக வேண்டும். எல்லாவற்றையும்விட வெப்பம்: வெளிநாடுகளில் முறைப்படி வளர்ப்பவர்கள் தண்ணீரை 22 முதல் 24 டிகிரிக்குள் வைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகி, தோலையும் வாலையும் அரித்துவிடும். நம் ஊரில் மார்கழி ராத்திரி தவிர எப்போது 22 டிகிரி கிடைக்கும்?

ஆகவே இந்த வழிகாட்டி, அதே பெரிய தொட்டியை வைத்து, சட்டத்துக்குள் நின்று, கோமாளி மீன் வளர்ப்பதைப் பற்றியது. கடைக்காரர்கள் க்ளவுன் என்பார்கள். அவற்றைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அந்த வேலையைச் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்தது தொட்டிக்குப் பழகியது, பெல்லட் தின்னும், கடலிலிருந்து ஒன்றையும் பறித்ததாக ஆகாது. வாங்கும்போது "பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். திணறினால் வேண்டாம்.

தொட்டியும் இடமும்

நான் சொன்ன இரண்டடி உயரம் கடல்குதிரைக்கானது. கோமாளி மீனுக்கு அது தேவையில்லை. கை அடிவரை எட்டாது. கண்ணாடி தேய்க்க ஒவ்வொரு முறையும் ஸ்டூல் போட்டு ஏறி, தோள்வரை நனைய வேண்டும். இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் அதே தொட்டியைப் படுக்கப்போட்ட மாதிரி வாங்குவேன்: நீளம் நாலடி, அகலம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. கொள்ளளவு ஒன்றுதான். ஆனால் மேல்பரப்பு அகலமாகிறது. காற்று நன்றாகக் கலக்கும், தண்ணீரும் கொஞ்சம் குளிரும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி, மேலே சுற்றிலும் பட்டி வைத்து ஒட்டியது. சிலிக்கான் காய ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் கசிவு பாருங்கள்.

மணல், கல், கண்ணாடி, ஸ்டாண்டு, கீழே இருக்கும் சம்ப் எல்லாம் சேர்த்தால் அரை டன் வரும். எட்டுச் சதுர அடிக்குள் அரை டன். தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மேல்மாடி என்றால், கீழே உத்தரம் ஓடுகிற சுவரை ஒட்டி வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவரும் வேண்டாம். சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஸ்டாண்டுக்கு இரும்பு என்றால் பவுடர் கோட்டிங் அடித்தது. உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் சாதாரணப் பெயின்ட் ஓராண்டு தாங்காது. லெவல் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று போட்டு இறக்குங்கள்.

சம்ப் என்பது ஸ்டாண்டுக்குள் உட்காரும் இன்னொரு சின்னத் தொட்டி. மேல்தொட்டியின் தண்ணீர் வழிந்து கீழே வரும். பம்ப் திரும்ப மேலே ஏற்றும். புரோட்டீன் ஸ்கிம்மர் அதற்குள்தான் நிற்கும். நுரை கட்டி அழுக்கை வெளியே எடுக்கிற இந்தக் கருவியில் சிக்கனம் பார்க்காதீர்கள். சம்பில் ஒரு கண்ணி இருக்கிறது. கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். குழாய் வழியாக மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். அதற்கு இடம் விடாமல் சம்பை முட்ட நிரப்பினால் என்ன ஆகும் என்பதை நான் முதல் ராத்திரியே கண்டுபிடித்தேன். காலையில் ஹாலில் குட்டிக் கடல்! தப்பு முழுக்க என்னுடையது. நீங்கள் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். எதுவரை ஏறுகிறதோ அதைப் பார்த்து, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடுங்கள்.

தண்ணீர்

தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்குத்தான் இன்னும் விடிவு இல்லை. அப்படிப்பட்ட ஊரில் 300 லிட்டர் கடலைச் செய்யப் போகிறோம்.

போர் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். பாலாற்றுப் படுகையை ஒட்டிய கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். தோல் தொழிற்சாலைப் பக்கமென்றால் குரோமியமும் சேரலாம். காவிரித் தண்ணீர் வருகிறது என்றால் அதில் குளோரின் இருக்கும். எதுவானாலும் ஆர்ஓ வழியாக வர வேண்டும், அதற்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்கிற டிஐ ரெசின் குழாய் ஒன்றும் வேண்டும். சமையலறையில் இருக்கிற ஆர்ஓ போதாது. ருசிக்காகக் கொஞ்சம் உப்பை அதில் விட்டே வைப்பார்கள். கேன் தண்ணீரும் அப்படித்தான். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பாருங்கள். 10க்குக் கீழே இருந்தால் எடுங்கள், பூஜ்யம் வந்தால் உத்தமம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும். அதை டிரம்மில் பிடித்து வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் திட்டு விழும், நியாயமான திட்டு.

"எதுக்குடா இவ்ளோ செலவு, ரெண்டு படி கல்லுப்பு போட்டா ஆகாதா?" என்று எங்கள் ஆயா கேட்டார். ஆகாது ஆயா. கல்லுப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட், பொட்டாசியம் எல்லாம் கணக்காகக் கலந்திருக்கும். அவை இல்லாவிட்டால் பிஹெச் நிலையாக நிற்காது. இதற்கென்றே விற்கிற கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் போய்க் கேனில் மொண்டு வரலாமே என்பவர்களும் உண்டு. கரையோரத் தண்ணீரில் சாக்கடை, எண்ணெய், நோய்க் கிருமி எது இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. 140 கிலோமீட்டர் தள்ளி மாதாமாதம் தண்ணீர் சுமப்பதும் நடக்கிற காரியம் இல்லை.

கலக்கும் முறை இதுதான். உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்மில் ஆர்ஓ தண்ணீரை முதலில் நிரப்பி, ஒரு சின்னப் பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம்வரை பிடிக்கும். முழுத் தொட்டிக்கு 11 கிலோ அளவில் ஆகும். ஒரு நாள் முழுக்கச் சுழல விட்டு, உப்பளவு காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி நான் இரண்டு மாதம் அதிக உப்பிலேயே ஓட்டியிருக்கிறேன்.

கல்லும் மணலும்

பாலாற்று மணல் வேண்டாம். அது சிலிக்கா, பழுப்பு நிறப் பாசிக்கு விருந்து. அரகனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல் வாங்குங்கள், ஒன்றேகால் அங்குல உயரத்துக்கு 30 முதல் 35 கிலோ. கல்லுக்கு செராமிக் ராக். பவளத்தைப் போலவே துளை துளையாக இருக்கும், எந்தப் பாறையையும் உடைத்து எடுத்ததில்லை. முதலில் கல்லைக் கண்ணாடி மேல் உட்கார வைத்து அசையாதபடி அடுக்கி, அப்புறம் சுற்றி மணலைக் கொட்டுங்கள். மாற்றிச் செய்தால் மணலைத் தோண்டுகிற பிராணி ஏதாவது அடியைக் கரைக்க, கல் சரிந்து கண்ணாடியில் மோதும். பின்பக்கச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் விடுங்கள், தண்ணீர் ஓடட்டும்.

காத்திருக்கும் காலம்

இங்கேதான் புதியவர்கள் தோற்கிறார்கள். தொட்டி தெளிவாக இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, பிள்ளைகள் மீன் எங்கே என்று நச்சரிக்கிறார்கள். மீன் இன்னும் நாலு முதல் ஆறு வாரத்துக்கு வரக் கூடாது.

மீனின் கழிவு அம்மோனியாவாகும். அம்மோனியா விஷம். கல்லிலும் மணலிலும் குடியேறுகிற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நல்லதல்ல. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி வெளியே எடுக்கலாம். இந்த இரண்டு வகையும் பெருகுவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாட்டிலில் வருகிற பாக்டீரியாவையும் ஊற்றலாம், கொஞ்சம் வேகப்படுத்தும். மீன் மார்க்கெட்டில் இரண்டு பச்சை இறால் வாங்கிப் போட்டும் செய்யலாம், ஆனால் அந்த வாரம் விருந்தாளிகளை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.

டெஸ்ட் கிட்டில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் ஏறத் தொடங்கும். 2 பிபிஎம் அம்மோனியா விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்றால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் புறப்படலாம்.

வெயில்

வேலூரில் கடல் தொட்டி வைப்பதென்றால் உண்மையான சண்டை வெயிலோடுதான். மற்றதெல்லாம் படித்து வந்துவிடும். மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும், சுற்றிலும் உள்ள மொட்டை மலைகள் ராத்திரியிலும் அனல் விடும். கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. 30ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

முதல் ஆயுதம் விசிறி. தண்ணீரின் மேல்பரப்பைச் சாய்வாகத் தொடும்படி சின்ன விசிறிகள் இரண்டு வைத்தால், ஆவியாகும் வேகத்தில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். நம் ஊரில் சென்னை மாதிரிப் புழுக்கம் இல்லாததால் விசிறி நன்றாகவே வேலை செய்யும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. ஆனால் ஒரு நாளைக்குச் சில லிட்டர் தண்ணீர் காணாமல் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் கரிக்கும். மிதவை வைத்த தானியங்கி டாப்-அப் ஒன்று பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

சித்திரை, வைகாசிக்கு விசிறி போதாது. சில்லர் வேண்டும், இந்த அளவுக்குக் கால் குதிரைத்திறன். செலவுக் கணக்கில் இதை முதல் நாளே எழுதிவிடுங்கள். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை அறைக்குள்தான் கொட்டும். மூடிய ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டில் தானே வேகும்; ஜன்னல் பக்கம் காற்றோட்டமாக வையுங்கள்.

என் முதல் கோடையில் மூன்று மீன் செத்தது சில்லர் இல்லாததால் அல்ல. மத்தியானம் கரண்ட் போய், நான் ஆபீசில் இருந்தேன். தண்ணீர் ஓட்டம் நின்று மூன்று மணி நேரம். சூட்டைக்கூடக் கொஞ்சம் தாங்கியிருக்கும், மூச்சுதான் முட்டியது. அதனால் வீட்டு இன்வெர்ட்டரில் சம்பிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற திரும்பு பம்பையும், தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றுகிற வேவ் மேக்கரையும் இணைத்துவிடுங்கள். அவை இழுப்பது சில பத்து வாட்தான். சில்லரை அதில் இணைக்கக் கூடாது, ஒரே மூச்சில் பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

கரண்ட் பேச்சு வந்ததால்: உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டி லைனுக்கு, மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடுகிற ஈஎல்சிபி கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏற வேண்டும். வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கை விடும்முன் ஸ்விட்சை அணையுங்கள்.

மீன்

சென்னை கொளத்தூரில் வாங்குவதென்றால் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறும்முன் காட்பாடி ஜங்ஷனில் இறங்கிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். கையில் தெர்மாகோல் பெட்டி. ஆக்சிஜன் அடைத்த பை இரண்டு மணி நேர ரயிலைத் தாங்கும். காரின் பின்பக்கம் வெறுமனே வைத்தால் ஸ்ரீபெரும்புதூருக்குள் வெந்துவிடும்.

முதலில் இரண்டே இரண்டு கோமாளிக் குஞ்சுகள், ஒன்று சற்றுப் பெரிதாக. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டைப் போட்டால் யார் பெரியவர் என்று கொஞ்ச நாள் அடித்துக்கொள்ளும். கடலில் அது குடியிருக்கும் கடல் தாமரை (அனிமோன்) இல்லாமலே வாழும், கல்லின் ஒரு மூலையைத் தன் வீடாக்கிக்கொள்ளும்.

நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். 40 லிட்டர் தொட்டி ஒன்றில் நாலு வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பெரிய தொட்டிக்குள் நுழைந்த பிறகு அதை விரட்டுவது மாதக்கணக்கான வேலை. எந்தத் தொட்டியில் விட்டாலும் முறை ஒன்றுதான்: பையை இருபது நிமிடம் மிதக்க விட்டு, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டு முக்கால் மணி நேரம் பழக்கி, வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு.

ஒரு மாதம் எல்லாம் சரியாக இருந்தால் டர்போ நத்தைகள், ஒரு க்ளீனர் இறால், இரண்டு ஃபயர் ஃபிஷ் சேர்க்கலாம். தொட்டிக்கு மூடியோ வலையோ வேண்டும், ஃபயர் ஃபிஷ் பயந்தால் துள்ளி வெளியே விழும். மொத்தம் ஆறேழு மீனோடு நிறுத்துங்கள். டாம்செல் என்ற மீன் மலிவாகக் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். வளர்ந்ததும் தெரு ரவுடி மாதிரி எல்லாரையும் துரத்தும். நான் ஒன்றைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கத் தொட்டியின் கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

வார வேலை பெரிதாக ஒன்றுமில்லை. காந்த பிரஷ்ஷால் கண்ணாடி, ஸ்கிம்மர் கப்பைக் கழுவுவது, உப்பளவும் வெப்பமும் பார்ப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 லிட்டர் மாற்றுவது; புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

தீனி காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் சிக்கல். பக்கத்து வீட்டு அக்காவிடம் டப்பாவைக் கொடுத்தால், பாசத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். திரும்பி வரும்போது தொட்டி பால் மாதிரி இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று தாளில் மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள். மீதி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.